பத்து மாத முடி

ஆடி பிறந்துவிட்டால் முசிறிப் பக்கத்தில் இலை அறுக்கிறவர்கள் வாயில் நல்ல வார்த்தை வராது. மேற்கேயிருந்து அடிக்கிற காற்று இரவு பகல் பார்க்காது. நேற்று அகலமாக விரிந்து நின்ற வாழை இலை இன்று காலை நார் நாராகத் தொங்கும். நூறு இலை அறுத்தால் அறுபது கிழிசல். கிழிந்த இலையை எந்த ஓட்டல்காரரும் சீந்த மாட்டார். பூக்கடைக்காரர்கள் பூப் பொதிய வாங்குவார்கள், அதுவும் மனசு வந்தால்.

அந்த ஆடியில் மகாலட்சுமிக்குக் காற்றைத் திட்டக்கூட நேரமில்லை. மடியில் நாற்பது நாள்கூட நிறையாத ஆண்பிள்ளை. புருஷன் அன்புச்செல்வன் திருச்சி ஜெயிலில்.

அன்புச்செல்வனுக்குச் சொந்தமாக ஒரு குட்டி யானை வண்டி உண்டு. தோப்பில் இலைக்கட்டுகளைத் தலையில் சுமந்து வந்து வண்டியில் அடுக்கி, காவிரிக் கரையோடு குணசீலம், நொச்சியம் வழியாக விடிவதற்குள் ஸ்ரீரங்கம், அங்கிருந்து காந்தி மார்க்கெட் என்று ஓட்டுவான். அறுத்த காம்பிலிருந்து பால் சொட்டும். சட்டையில் பட்டால் அந்தக் கறை சட்டையோடுதான் போகும். தலைமுடியில் பட்டாலோ கோந்து மாதிரிப் பிடித்துக்கொள்ளும். அதனால் இலைக்காரர்கள் எப்போதும் தலையை ஒட்ட வெட்டியிருப்பார்கள். அன்புவும் அப்படித்தான், மகாலட்சுமி முழுகாமல் ஆகும் வரைக்கும்.

பிள்ளைத்தாச்சியின் புருஷன் தலையில் கத்தரி படக்கூடாது என்பது அந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத சங்கதி. முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போயிருந்ததால் அன்பு இந்தத் தடவை ஒரு முடியைக்கூடத் தொடவில்லை. முடி கழுத்தில் புரண்டது, தாடி நெஞ்சைத் தொடப் பார்த்தது. வாழைக்கறை பட்டு அங்கங்கே சடை கட்டியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகாலட்சுமி அவனை முன்னால் உட்காரவைத்துத் தேங்காயெண்ணெய் விட்டு ஒவ்வொரு சிக்காகப் பிரிப்பாள். "சாமியாரே, அருள்வாக்கு எப்ப?" என்று அவள் கேட்க, "புள்ள பொறக்கட்டும்டி" என்பான் அவன். அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் அவர்கள் வாழ்வில் மிகச் சந்தோஷமானவை என்று பிற்பாடு அவளுக்குத் தோன்றியது.

பிள்ளை ஆனியில் பிறந்தது. முப்பதாம் நாள் தீட்டுக் கழித்து, ஆடி முதல் வெள்ளி காலை அன்பு தனியாகச் சமயபுரம் கோயிலுக்குப் போய் முடி இறக்கினான். அங்கிருந்தே போன் போட்டான். "ரெண்டு பிளேடு ஒடைஞ்சு போச்சுடி. முடி எறக்குறவரு, இது தலையா தேங்காய்நாரான்னு கேக்குறாரு." அவள் சிரித்துப் பிள்ளை விழித்துக்கொண்டது. அதன்பின் அவன் போன் எடுக்கவே இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் சேதி வந்தது. வைகாசி கடைசி வெள்ளியன்று சமயபுரத்துக் கூட்டத்தில் ஒரு பெண்ணின் தாலிச்சங்கிலியை யாரோ அறுத்துவிட்டார்கள். அதற்கென்று ஒரு தனிப்படை போட்டிருந்தார்கள். கூட்டத்தைப் பார்க்கும் கேமராவோடு முகத்தை அடையாளம் காட்டும் மெஷின் ஒன்றை இணைத்திருந்தார்கள். அன்பு மொட்டைத் தலையில் சந்தனம் பூசி வெளியே வந்ததும் மெஷின் கூவிவிட்டது. அன்றைக்கு அறுத்தவனும் இவனும் ஒரே ஆள் என்று.

ஊர் முதலில் நம்பவில்லை, பிறகு நம்பியது. மனுஷன் சொன்னால் நாலு கேள்வி கேட்கிற ஊர், கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்றதும் வாயை மூடிக்கொண்டது. "மெசினுக்கு என்ன நம்ம மேல வெரோதமா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டாராம். அன்புவின் அக்காள் ராசாத்தி அந்த டீக்கடைக்கே போய், அவர் குடித்துக்கொண்டிருந்த டீ ஆறும்வரை பேசிவிட்டு வந்தாள். ராசாத்தி இலை தரம் பிரிக்கிறவள். நுனி இலை, நடு இலை, கிழிசல் என்று ஒரு பார்வையில் சொல்லுவாள். மனிதர்களையும் அப்படியே பிரித்துவைத்திருந்தாள். தம்பி அவளுக்கு நுனி இலை.

மகாலட்சுமிக்கு வேறொரு உறுத்தல். திருட்டு நடந்த அன்று பதினொரு மணிக்கு அவன் செல்போன் சமயபுரம் டவரில் இருந்தது என்று தனிப்படை எஸ்.ஐ. ஜெயக்குமார் சொல்லியிருந்தார். அன்றைக்கு அன்பு வீட்டுக்கு இரண்டு மணி நேரம் பிந்தித்தான் வந்தான். கேட்டதற்கு டோல்கேட் பக்கம் வண்டி பஞ்சர் என்றான். சமயபுரம் என்று சொல்லவே இல்லை. அவள் இதை ராசாத்தியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாள். பூண்டுக் குழம்பும் சோறும் தட்டிலேயே மிஞ்சின, பால் குறைந்தது, பிள்ளை அழுதது.

ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போனபோது பிள்ளையை ராசாத்தியிடம் கொடுத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்தாள். நடுவில் கண்ணாடி. இந்தப் பக்கம் ஒரு ரிசீவர், அந்தப் பக்கம் ஒன்று. பத்து நாள் முடி அவன் தலையில் முள் முள்ளாக முளைத்திருந்தது.

"அன்னிக்கி பஞ்சருன்னு சொன்னீங்க," என்றாள்.

அவன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினான். பிறகு சொன்னான். "அதுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரில டாக்டரம்மா என்னைத் தனியா கூப்பிட்டாங்க மகா. உனக்கு பிரஷர் ஏறுது, புள்ளைக்குத் தண்ணி கொறையுதுன்னாங்க. உங்கிட்ட சொன்னா இன்னும் ஏறிடும்னு பயந்துட்டேன். அதான் ஆத்தா வாசல்ல போயி நின்னேன். ரெண்டு பேரும் நல்லபடியா வந்தா முடி தரேன்னு வேண்டிக்கிட்டு வந்துட்டேன். அம்புட்டுத்தான்."

பத்து நாள் அவனைப் பற்றி மனசுக்குள் என்னென்னவோ நினைத்துவிட்டாள். அதை அவனிடம் சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருப்பதும் கஷ்டம். கண்ணாடியில் கையை வைத்தாள். "புள்ள உங்க மூக்கு," என்று மட்டும் சொன்னாள்.

இலவசச் சட்ட உதவியில் அவர்களுக்குக் கிடைத்தவர் ஸ்ரீரங்கத்து வக்கீல் பானுமதி. ஐம்பதை நெருங்கும் வயது, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத் தேடுகிற பழக்கம். மாடியில் ஒரே அறை ஆபீஸ். இவர்கள் போனபோது டிபன் பாக்ஸில் தயிர்சாதமும் நார்த்தங்காயுமாக உட்கார்ந்திருந்தவர், பிள்ளைத்தாய் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் பாதியை மூடியில் வைத்து நீட்டினார். மகாலட்சுமி மறுத்துப் பார்த்தாள். சாப்பிட்டால்தான் கேஸ் பேசுவேன் என்றார் வக்கீலம்மா.

முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு காகிதத்தைக் காட்டினார். "இது அவங்க கோர்ட்ல குடுத்தது. திருட்டுப் படத்தோட, மெஷினுக்குள்ள இருந்த ஒரு பழைய போட்டோ ஒத்துப்போகுதுன்னு அது போட்ட மார்க் அறுபத்திரண்டு."

"நூத்துக்கா?" என்றாள் ராசாத்தி.

"நூத்துக்குத்தான்."

"பரிச்சைன்னா பாஸுங்க. ஒரு ஆளை உள்ள தள்ள அது போதுமா?"

"அதைத்தான் நானும் கேக்கப்போறேன்," என்றார் பானுமதி. "இன்னொண்ணும் கேக்கணும். உன் தம்பியோட அந்தப் பழைய போட்டோ முன்னாடியே அதுக்குள்ள இருந்திருக்குல்ல? எப்படிப் போச்சு?"

மகாலட்சுமிக்கு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிது. மூன்று வருஷம் இருக்கும். ஸ்ரீரங்கத்துக்கு இலை ஏற்றிப்போன ஒரு விடியற்காலையில் ரோந்துப் போலீஸ் ஒருவர் வண்டியை நிறுத்தி, போனைத் தூக்கி இவன் முகத்தைப் படம் பிடித்துக்கொண்டு, போ என்று விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னான், போலீசே நம்மளப் போட்டோ எடுக்குதுடி என்று.

பானுமதி கண்ணாடியைத் தேடி, தலையிலிருந்து எடுத்து மாட்டினார். "ஒருத்தரை கைது பண்ணினா போட்டோ, கைரேகை எடுக்கச் சட்டம் இருக்கு. ரோட்ல வேலைக்குப் போறவரை நிறுத்தி முகத்தை எடுத்து, மூணு வருஷம் வெச்சிருந்து, திருடங்க படத்தோட சேர்த்துத் தேட எந்தச் சட்டம் இருக்கு? அரசியல் சட்டத்துல இருபத்தொண்ணாவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கும்மா. உசிரும் சுதந்திரமும் சட்டப்படி இல்லாம யாரும் எடுக்க முடியாதுன்னு சொல்லுது. நம்ம அந்தரங்கமும் அதுக்குள்ள அடக்கம்னு பெரிய கோர்ட்டே சொல்லிடுச்சு."

"அதெல்லாம் எங்களுக்கும் உண்டுங்களா?" என்றாள் மகாலட்சுமி.

"உங்களுக்குத்தான் முதல்ல. கார்ல போறவங்களை யாரு நிறுத்திப் படம் எடுக்குறா?" என்றார் பானுமதி. பிறகு கேட்டார், "அந்தத் திருட்டுப் படத்தை நீங்க யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. அன்புவுக்கே காட்டவில்லை. மெஷின் சொல்லிவிட்டது, அதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது என்பது போல எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள். "அப்ப முதல் மனு அதுக்குத்தான்," என்று எழுத ஆரம்பித்தார். "மெஷின் பாத்ததை நாமளும் பாக்கணும்."

ஆடிப்பெருக்குக்கு மறுநாள் மனு கோர்ட்டுக்கு வந்தது. காவிரியில் கரை தொட்டுத் தண்ணீர் போனது. பஸ்ஸில் வந்த பெண்கள் கழுத்தில் புது மஞ்சள் கயிறு. மகாலட்சுமிக்கு அந்த வருஷம் கயிறு மாற்றத் தோன்றவில்லை. வழக்கு முடியாமல் படம் தர இயலாது என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். மாஜிஸ்திரேட் அதிகம் பேசாத பெண்மணி. எதைப் பார்த்து ஒருவரைச் சிறையில் வைத்தீர்களோ அதை அவருக்குக் காட்டாமல் வைக்க முடியாது என்று ஒரே வரியில் முடித்தார். ஜெயக்குமார் பைலிலிருந்து கலர்ப் பிரிண்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் பானுமதி அதை நீட்டினார். மகாலட்சுமி வாங்கினாள். மஞ்சள் வேட்டி. மொட்டைத் தலை முழுக்கச் சந்தனம். முகம் முக்கால்வாசி திரும்பியிருந்தது. தாடையும் காதும் அன்புவுடையது போலத்தான் இருந்தன. பொய் சொல்ல அவளுக்கு வராது. "அவரு மாதிரிதாங்க மேடம் இருக்கு," என்றாள்.

ராசாத்தி எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிள்ளை சிணுங்கியது. படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன மகாலட்சுமியின் கண் கீழ் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்த இங்கிலீஷ் தேதியில் பட்டது.

"மேடம், இது ஆடியில எடுத்ததுதானே? அவரைப் புடிச்ச அன்னிக்கி?"

"இல்லம்மா. திருட்டு நடந்த அன்னிக்கி. வைகாசி கடைசி வெள்ளி."

மகாலட்சுமி மறுபடி படத்தைப் பார்த்தாள். "வைகாசியில அவருக்கு மொட்டை இல்லையே."

பானுமதி கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு படத்தின் மேல் குனிந்தார்.

"எனக்கு அப்ப ஒம்போது மாசங்க," என்றாள் மகாலட்சுமி. அவள் குரல் மெல்ல ஏறியது. "தோள் வரைக்கும் முடி. நெஞ்சு வரைக்கும் தாடி. நாந்தான் எண்ணெய் வெச்சு சிக்கு எடுத்தேன்."

"புள்ளத்தாச்சி புருசன் எப்படிம்மா மொட்டை போடுவான்?" என்றாள் ராசாத்தி, உலகத்தில் இதுகூடத் தெரியாத வக்கீல் உண்டா என்கிற கோபத்தில்.

பானுமதி மரத்தடித் திண்டில் உட்கார்ந்துவிட்டார். "என் வீட்டுக்காரர் ரெண்டு தடவையும் சலூனுக்குப் போனார்டியம்மா," என்றவர், "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டார்.

"யாரும் கேக்கலியேங்க. திருடினது மொட்டைத் தலைன்னு எங்களுக்கு இன்னிக்குத்தானே தெரியும். படத்தை இன்னிக்குத்தானே கண்ணுல காட்டினாங்க."

ஊருக்கே தெரிந்த தாடி அது. தெரிந்ததாலேயே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தனிப்படைக்காரர்களுக்கோ அன்பு மொட்டையோடு கிடைத்தான், கேமராவில் இருந்ததும் மொட்டை. சமயபுரத்தில் மொட்டைக்கா பஞ்சம்? இருவருக்கும் பொதுவாக இருந்ததில் பாதி, முடியில்லாத தலைதான். மெஷினுக்குள் முன்பே கிடந்த அன்புவின் படமும் தலையை ஒட்ட வெட்டியிருந்தபோது எடுத்ததுதான்.

இனி அதை நிரூபிக்க வேண்டும். வளைகாப்புப் படம் உண்டு, ஆனால் அது மாசியில் எடுத்தது. அதற்கப்புறம் வெட்டியிருக்கலாமே என்பார்கள் என்று பானுமதி சொன்னார். அப்போதுதான் ராசாத்திக்கு நஸ்ருல்லா நினைவு வந்தது. காந்தி மார்க்கெட்டில் அன்புவிடம் இலை வாங்கும் கடைக்காரர். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் ஆரஞ்சும் பிஸ்கட்டுமாக ஆஸ்பத்திரிக்கு வந்து, அன்பு பிள்ளையை ஏந்தி நிற்பதைப் போனில் எடுத்தார். திருட்டு நடந்து பதிமூன்றாம் நாள்.

கடைக்குப் போனார்கள். பாய் போனில் விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். மூன்று கல்யாணம், ஒரு பெயர் வைப்பு, எண்ணற்ற வாழைத்தார்கள் தாண்டி வந்தது அந்தப் படம். தாடிக்குள் முகம் இருக்கிற இடம் தெரியாமல் அன்பு சிரித்துக்கொண்டிருந்தான். பிள்ளையின் ஒரு கை அந்தத் தாடியில் சிக்கியிருந்தது. மகாலட்சுமி கடை நடுவில், இலைக்கட்டுகளுக்கு மத்தியில் அழுதுவிட்டாள்.

அதோடு ஒரு சான்றிதழிலும் அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று பானுமதி சொன்னார். இது தன் போன், படம் தான் எடுத்தது, போன் ஒழுங்காக வேலை செய்தது என்று.

"என் போன் யோக்கியமான போன்னு நான் எழுதிக் குடுக்கணுமா?" என்றார் பாய்.

"ஆமாங்க. அவங்க மெஷினுக்கு என்ன கேக்குறேனோ அதை நம்ம போனுக்கும் நான் கேக்கணும்ல?"

பாய் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்தார். "குடுங்க. தங்கச்சி கண்ணைத் தொடைச்சுக்கம்மா. இன்ஷா அல்லா, புள்ள அப்பன் கையில தூங்கும்."

சமயபுரத்தில் முடி இறக்கும் வீரமலையும் எழுதிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு நூறு தலை பார்க்கிறவர், ஆனால் அந்தத் தலையை மறக்கவில்லை. "வாழைக்கறை புடிச்ச பத்து மாச முடிங்க. ரெண்டு பிளேடு போச்சு. ஆனா அந்தாளு கண்ணை மூடிக்கிட்டு சிரிச்சுக்கிட்டே இருந்தாரு." சீட்டுப் புத்தகத்தில் தேதியும் இருந்தது.

ஜாமீன் மனு வந்த அன்று மாஜிஸ்திரேட் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பதிமூன்று நாளில் மொட்டைத் தலையில் தோள்வரை முடி வளருமா என்று அரசு வக்கீலைக் கேட்டார். பழைய படம் எங்கிருந்து வந்தது என்று ஜெயக்குமாரைக் கேட்டார்.

"ரோந்துல எடுத்ததும்மா. சந்தேகத்தின் பேர்ல."

"என்ன சந்தேகம்?"

"விடியக்காலம் வண்டி ஓட்டிட்டு வந்தாரும்மா."

"இலை வண்டி விடியக்காலம் வராம மத்தியானமா வரும்?"

கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. சொந்த ஜாமீனில் விடச் சொன்னார். வேறு வழக்கில்லாத ஒருவரின் முகம் எந்த அதிகாரத்தில் அந்தக் கணினியில் இருக்கிறது என்று எழுத்தில் பதில் கேட்டார்.

வெளியே ஜெயக்குமார் அவர்களிடம் வந்தார். கெட்ட மனிதர் இல்லை, அலுத்துப்போனவர். "சங்கிலி போன அந்தம்மா தினம் போன் பண்றாங்க. மெஷின் சொன்னதும் கெடைச்சுட்டான்னு நெனைச்சுட்டேம்மா. அது தப்பாவும் சொல்லும்னு எங்களுக்கு யாரும் சொல்லித்தரல," என்றார். மகாலட்சுமிக்கு முதன்முறையாக அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். "அந்தக்காவோட தாலி கெடைக்கணும் சார். உண்மையான ஆளைப் புடிங்க," என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

மறுநாள் அன்பு வீட்டுக்கு வந்தான். தலையில் முடி வரப்பில் கோரை முளைத்த மாதிரி நின்றது. ராசாத்தி ஆரத்தி எடுத்து, கெண்டை மீன் குழம்பு வைத்து, அவன் மூன்றாம் தடவை போதும் என்றபிறகும் ஊற்றினாள். பிள்ளை அவனைப் பார்த்து அழுதது. தாடியில்லாத அப்பனை அதற்கு அடையாளம் தெரியவில்லை என்று மகாலட்சுமி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நாலாம் நாள் பானுமதி இன்னொரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் ஆபீசுக்குக் கூப்பிட்டார். அன்புவின் முகத்தை அந்த மெஷினிலிருந்து எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்துக்கு மனு. இவன் ஒருவனுக்காக மட்டுமில்லை, இப்படி ரோட்டில் நிறுத்தி எடுத்த எல்லார் படத்துக்கும் சேர்த்து. வருஷக்கணக்கில் ஆகலாம், ஜெயிப்போம் என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் கேட்டால்தான் பதில் வரும் என்றார்.

அன்பு பேனாவை வாங்கவில்லை. "விட்டாங்கல்ல மேடம், அது போதும். தெனம் விடியக்காலம் அந்த ரோட்டுலதான் போகணும். எதுக்குப் பகை?" அவன் பயந்தது நியாயம்தான். இருபது நாள் உள்ளே இருந்தவன் அவன்.

மகாலட்சுமி பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டாள். அதன் தலையில் பிறந்த முடி பட்டு மாதிரிச் சுருண்டிருந்தது.

"வர்ற வருசம் இவனுக்கும் அங்கதான் முடி எறக்கணும்," என்றாள். "சந்தனம் பூசி வெளிய கூட்டிட்டு வரப்ப, மேல இருக்கிற கேமராவைப் பாத்து நான் இவன் முகத்தை முந்தானையால மூடணுமா?"

அன்பு பிள்ளையைப் பார்த்தான். கை நீட்டிப் பேனாவை வாங்கினான். விரல் நகங்களில் அன்று காலை அறுத்த இலையின் கறை இருந்தது. நிதானமாக, முழுப் பெயரையும் எழுதினான்.